முதல் பலி நூலகத்துக்குப் போன சனிக்கிழமை

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை உடன் வேலை செய்பவர்கள் 'முதல் பலி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாரமெல்லாம் மாடி மாடியாகக் கிரீஸ் கையோடு அலைபவர், ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கோட்டைக்குப் போய்ச் செத்துவிட்டு வருவார். முந்நூறு வருஷத்துக்கு முன் அங்கே நடந்த சண்டையை, அந்தக் காலத்து உடுப்போடு நடித்துக் காட்டும் குழுவில் அவர் சாதாரணச் சிப்பாய். ஐந்தாவது நிமிடத்தில் முதல் ஆளாக விழ வேண்டும். முடியும்வரை கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதே பாடுதான். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. "என்னை மாதிரி அழகா விழ ஒருத்தன் உண்டா, சொல்லு?" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை, கிளை நூலகத்துக் குழந்தைகளைப் பார்க்க ராஜா போவதாக ஏற்பாடு. ராஜாவாக நடிக்கும் பல் டாக்டருக்குக் காய்ச்சல் வந்துவிட, வேலை சிப்பாயின் தலையில் விழுந்தது.

அவர் சிப்பாய் உடுப்போடு உள்ளே நுழைந்ததும், பாயில் உட்கார்ந்திருந்த இருபது முகங்களும் தொங்கிப்போயின.

"ராஜா வரலையா?"

"அவருக்குக் காய்ச்சல். நான் அவரோட சிப்பாய்."

"நீங்க ஜெயிப்பீங்களா?"

"இல்ல கண்ணு. நான்தான் முதல்ல சாவேன்."

அவ்வளவுதான், இருபது பேரும் நகர்ந்து நகர்ந்து அவர் காலடிக்கே வந்துவிட்டார்கள். வலிக்குமா? கத்துவீங்களா? இவ்வளவு கனமான சட்டையோட ஒண்ணுக்கு எப்படிப் போவீங்க? சிப்பாய் எழுந்து நின்று, இடுப்பு நாடாக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். மொத்தம் ஒன்பது.

"அவசரமா வந்தா?"

"அவசரமே வரக் கூடாது. அதான் எங்க படையோட முதல் கட்டளை."

'உஷ்' சொல்ல வேண்டிய நூலகர் அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "நீங்க செத்துட்டா, உங்க அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வாங்க?"

அந்தக் காலத்தில் பொத்தானை எதில் செய்தார்கள், துணிக்கு எதில் சாயம் ஏற்றினார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இது மட்டும் தோன்றியதே இல்லை. "யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கம்மா" என்றார் மெல்ல.

"அப்ப இப்பவே ஒரு லெட்டர் போட்டுடலாம்."

ஆளுக்கொரு வரி சொல்ல, அவளே எழுதினாள்: 'அம்மா, சண்டை இன்னும் ஆரம்பிக்கல. பூட்ஸ் கடிக்குது. நான் ஓடி வந்துடறேன்.'

காய்ச்சல் விட்டு ஒத்திகைக்கு வந்திருந்த பல் டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டினார் மெக்கானிக். "ஒரே ஒரு தடவை ஓடிடறேனே, டாக்டர்."

"சரித்திரம் என்னய்யா ஆகும்?"

"அன்னிக்கும் யாராவது ஓடியிருப்பான். எழுதி வைக்கல, அவ்வளவுதான்."

"சரி, முதல்ல யாரு சாகறது?"

கொடி பிடிக்கும் பேக்கரிக்காரர் கை தூக்கினார். "நான் சாகறேன். முட்டி வலி. சீக்கிரம் படுத்தா நல்லதுதான்."

அடுத்த ஞாயிறு, ஐந்தாவது நிமிடம், சிப்பாய் ஈட்டியைப் போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம். முன்வரிசையில் நூலகத்துக் குழந்தைகள் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். ராஜாவின் வீர வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை. மூச்சு வாங்க மதில் பின்னால் ஒதுங்கி, கடைசிக் காட்சியை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார் மெக்கானிக்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"சுமார்தான்" என்றார். "ஆனா அந்தப் பேக்கரிக்காரருக்கு விழவே தெரியல."