புருலுக்காகத் திறந்து வெச்ச கம்ப்யூட்டர்

"பூட்டு போட்டு மறைக்கிற அளவுக்கு அதுக்குள்ள என்னடி வெச்சிருக்க? கள்ளப் புருஷனையா?"

மருமக மீரிமைப் பாத்து புருல் கேட்ட கேள்வி இது. மகன் தாலய்பெக் ரஷ்யாவுல கட்டட வேலை பாத்து வாங்கி அனுப்புன கம்ப்யூட்டர். போட்டதும் பாஸ்வேர்டு கேக்கும். பேரப்புள்ள இல்லாத வீட்டுல மகன் போட்டோவையாவது நெனச்ச நேரத்துல பாக்கணும்னு கெழவிக்கு. ஒவ்வொரு தடவையும் மீரிம் வந்து தட்டிக் குடுக்கணும்.

"வேத்தாளு யாராச்சும் தொட்டுட்டா, எனே?" அந்த ஊர்ல மாமியாரை அம்மாங்கிற மாதிரி 'எனே'ன்னுதான் கூப்பிடுவாங்க.

"என் வீட்டுல யாருடி வேத்தாளு? எடுத்து விடு."

மாமியாரை எதுத்துப் பேசுற பொண்ணு இல்ல அவ. அன்னிக்கே மாத்திட்டா. பொத்தானை அமுக்குனா ஒண்ணும் கேக்காம நேரா உள்ள போயிரும். மூடும்போது எது தொறந்திருந்துச்சோ, அடுத்த தடவை அதுவே தானா வந்து நிக்கும். கெழவி போட்டோவைத் தேடித் தடுமாற வேணாமேன்னு அப்படி வெச்சா.

பெருநாள் அன்னிக்கு வீடு நெறைய பொம்பளைங்க. மீரிமை வாய்க்காலுக்குத் தண்ணிக்கு அனுப்பிட்டு, புருல் பொத்தானை அமுக்குனா.

"பாருங்கடி என் சிங்கத்தை."

வந்தது சிங்கமில்ல, எழுத்து. முந்தின நாள் மீரிம் புருஷனுக்கு எழுதி, முடிக்காம அவசரத்துல மூடிட்டுப் போன கடிதம். கண்ணாடி இல்லாம புருலுக்கு எழுத்து தெரியாது.

"என்னடி அது, படி."

பக்கத்து வீட்டு சாய்ரா போர்சோக் பணியாரத்தை மென்னுக்கிட்டே சத்தமா படிச்சா.

"ரெண்டாவதும் தங்கல. தண்ணி சுமந்த அன்னிக்கே போயிருச்சு. எனேகிட்ட சொல்லல. சொன்னா மலடிம்பாங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க."

நிமிந்தா, வாசல்ல ரெண்டு வாளியோட மீரிம்.

சண்டை போட்டிருந்தா தேவலை. அவ வாளியை வெச்சுட்டு, எல்லாருக்கும் டீ ஊத்துனா.

மலடின்னு புருல் சொன்னதில்லையா? சொல்லியிருக்கா, அதே சாய்ராகிட்ட, அதே வாய்க்கால் கரையில. இதுல பூசி மெழுக என்ன இருக்கு? மறுநாள்லேர்ந்து தண்ணி வாளியைப் புருலே தூக்குனா.

"பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டுக்கடி."

"இனிமே எதுக்கு, எனே?"

அடுத்த சந்தை நாள்ல புருல், வீட்டுல இருந்த ஒத்தக் கறவை மாட்டை ஓட்டிட்டுப் போயி வித்தா. வித்த கையோட பஸ் ஏறி ஓஷ் நகரத்துக்கு, விமான டிக்கெட் விக்கிற கடைக்கு. மகன் இருக்கிற ரஷ்யாவுக்குன்னு மருமக பேரைச் சொன்னா.

"திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போடவா?"ன்னா அங்க இருந்த பொண்ணு.

"போறதுக்கு மட்டும் போடு."

மாடு வித்த பணத்துல எண்ணி வெச்சா, பத்தொன்பதாயிரத்து எண்ணூறு சோம்.