மெத்தைக்காரர் முன்னேறிய கதை

மெத்தைக்காரர் படுப்பது பாயில். அதுவும் ஓரம் கிழிந்த பாய். அதில் அவருக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது.

"ஊரே மெத்தையில தூங்கணும்னா ஒருத்தன் பாயில தூங்கித்தான் ஆகணும். படைச்சவன் அப்படித்தான் எழுதியிருக்கான்" என்பார்.

"எழுதினவன் எனக்கு ஒரு தலையணையாவது சேர்த்து எழுதியிருக்கலாம்" என்பாள் மனைவி.

பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சைக் காயவைத்து, கம்பால் அடித்து உதிர்த்து, புது உறையில் திணித்துத் தைப்பது அவர் தொழில். ஊசியை எடுக்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிடுவார். இதில் படுப்பவர் நோய்நொடி இல்லாமல் எழுந்திருக்கட்டும் என்று. வேலை அதிகமான நாளில் முன்னறை முழுக்க ஊரார் மெத்தைகள் அடுக்கியிருக்கும். ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை, மனைவியையும் உட்கார விட்டதில்லை. நம்பிக் கொடுத்த பொருளாயிற்றே. பஞ்சுத் தூசிக்கு மட்டும் அந்த மரியாதை தெரியவில்லை. அது போய் அந்த அம்மாள் நெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இழுப்பு. வாரம் ஒரு தடவை தெருமுனைக்கு இலவச மருத்துவ வண்டி வரும். அதில் கொடுக்கும் மருந்தை உறிஞ்சினால்தான் அவளுக்கு அந்த வாரம் மூச்சு.

இப்படி இருக்கையில், மக்கள் வாழ்க்கை வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளந்து பார்க்க மேலிடத்துக்கு ஆசை வந்தது. எல்லா வீட்டையும் அளந்தால் கால் வலிக்கும். அதனால் தெருவுக்கு ஒரு வீடு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தத் தெருவில் பதம் பார்க்க எடுத்த சோறு மெத்தைக்காரர் வீடு.

கையில் பலகை மாதிரி ஒரு கணினியோடு கணக்கெடுக்கும் பெண் வந்தாள். நல்ல பெண்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள்.

"வீட்டுல மெத்தை இருக்கா அய்யா?"

மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெத்தைக்காரன் வீட்டுல வந்து இதைக் கேக்கறியேம்மா! நீயே எண்ணிக்கோ."

அப்போது கோடை, வேலை குறைந்த காலம். ஒன்றுதான் இருந்தது. ஒன்று என்று போட்டாள். அடுத்த வருஷம் அவள் வந்தது அடைமழையில். தெருவில் பாதிக் கூரை ஒழுகி, நனைந்த மெத்தையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்திருந்தன. எண்ணினாள். எட்டு. ஒழுகின கூரையைப் பற்றிப் பலகை கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே வருஷத்தில் எட்டு மடங்கு முன்னேற்றம்! வசதி பெருகிய தெருவுக்கு இலவச வண்டி எதற்கு என்று மேலிடம் அதை நிறுத்திவிட்டது.

அடுத்த வீட்டுத் தையல்காரி இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள்.

"ஏன் அண்ணே, மெத்தையைக் காட்டி எங்க மாத்திரைக்கு உலை வெச்சிட்டியே!"

"நான் பொய் சொல்லலையேம்மா."

"யாரு பொய் சொல்லச் சொன்னா? உண்மையில கொஞ்சம் தண்ணி ஊத்தியிருக்கலாமில்ல?"

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே மனைவியின் நெஞ்சு விசில் அடிப்பது கேட்டது. மருந்துக் கடையில் விலை கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அந்த விசில் அவர் நெஞ்சிலும் அடித்தது. அரை மருந்தும் கால் மருந்துமாக வாங்கி அந்த வருஷத்தை ஓட்டினார்கள்.

மூன்றாம் வருஷம் கணக்குப் பெண் வருகிறாள் என்று தெரிந்ததும் தெருவே திரண்டது. வீட்டுக்கு ஒரு மெத்தையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"மெத்தையை ஒளிக்கிறது பொய்யாகாதா?" என்றார் மெத்தைக்காரர்.

"பேசினாத்தான் பொய். மெத்தை என்ன பேசவா போகுது?" என்றாள் மனைவி, பாதி மூச்சில்.

பெண் வந்தாள். வெறும் அறையைப் பார்த்தாள். பூஜ்யம் என்று அழுத்தினாள். பலகை 'கீங்' என்று கத்தியது.

"எட்டு எப்படி ஒண்ணுமில்லாம போச்சுன்னு கேக்குதுங்க. தீப்பிடிச்சுதா?"

"ஐயோ, இல்லம்மா."

"வெள்ளம்? திருட்டு? வித்துட்டீங்களா? இல்லேன்னா, யாருக்காவது குடுத்தீங்களா?"

அவர் மேலே பார்த்தார். மேலே ஓட்டைதான் தெரிந்தது. "அக்கம்பக்கத்துல குடுத்து வெச்சிருக்கேன்" என்றார், மென்று விழுங்கி.

பலகை பச்சையாக மின்னியது. பெண் உதட்டைக் கடித்தாள். "தானம் பண்ற அளவுக்கு வசதின்னு காட்டுதுங்க. உங்க தெரு முதல் வகுப்புக்குப் போயிடுச்சு."

"தாயி! அது எதுவுமே என்னுது இல்ல. எல்லாம் ஊரார் மெத்தை!"

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அய்யா?"

"யாருதுன்னு நீ கேக்கலையேம்மா."

"போன வருஷத்தைத் திருத்த இது விடாதுங்க" என்றாள் அவள்.

அடுத்த மாதம் ஓர் அதிகாரி வந்து, மெத்தைக்காரர் வீட்டுச் சுவரில் 'முன்னேறிய தெரு' என்று தகரப் பலகை அடித்துவிட்டுப் போனார். ஆணி இறங்கின இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது.

இங்கே நிறுத்திய மருத்துவ வண்டி கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெருவுக்குப் போயிற்று. அங்கே பதம் பார்க்கிற வீடு ஒரு மாடி வீடு. கணக்கு நாளில் வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விடுவார். பூட்டிய வீட்டில் ஒன்றும் இல்லை என்று கணக்குப் பலகை எழுதிக்கொண்டதாம்.

அவ்வளவு தூரம் மனைவியால் நடக்க முடியாது. மெத்தை கொண்டுபோகிற தள்ளுவண்டியை மெத்தைக்காரர் எடுத்தார். வெறும் பலகையில் உட்காரவைத்தால் மேடுபள்ளத்தில் அவள் நெஞ்சு தாங்காது. தைத்து முடித்த மெத்தை ஒன்று மூலையில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி, இது ஒண்ணை மட்டும் மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்து, அதை வண்டியில் விரித்து, மேலே துவைத்த போர்வையைப் போட்டு, அவளைச் சாய்த்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "இதுலதான் ஊரே தூங்குதா?" என்றாள்.

"பின்ன?"

"பரவாயில்லை. நல்லாத்தான் தைக்கிறீங்க."

தையல்காரி வாசலிலிருந்து கத்தினாள்: "அண்ணி! நிஜமாவே முன்னேறிட்டே!"

மருத்துவ வண்டியில் மருந்து கொடுக்கிற பையன், "எந்தத் தெரு?" என்றான். பொய் வராத வாய். "முன்னேறின தெருங்க" என்றார் மெத்தைக்காரர். பையன் பெட்டியை மூடப் போனான்.

"அவ்வளவு மேல ஏறினதுலதான் தம்பி மூச்சு வாங்குது" என்றாள் அந்த அம்மாள். "ஒண்ணு குடு. கொஞ்சம் இறங்கி வந்துடறோம்."

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, மருந்தை அவள் கையில் வைத்தான்.

திரும்பும்போது கால்வாய்ப் பாலத்தில் கணக்குப் பெண் எதிரே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், மேலே சாய்ந்திருந்த அம்மாளைப் பார்த்தாள். மெத்தைக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"தாயி, வண்டி வாகனம் வந்துடுச்சுன்னு எழுதிடாதே."

அவள் பலகையைப் பைக்குள் போட்டு மூடினாள். பிறகு வண்டியின் மறுபுறம் வந்து, பாலத்து மேட்டில் அவரோடு சேர்ந்து தள்ளினாள்.