ஒட்டலாமா, வேண்டாமா?

கார் பெயிண்டைக் காப்பாற்றும் தொழிலில் பெயிண்ட் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. பதில் சொல்கிறவனின் தொண்டைதான் போகிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், காருக்குப் பாலிஷும் பிலிமும் போடும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிலிம் என்றால் காரின் உடம்பு முழுக்க ஒட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல். கல் தெறித்தாலும் கிளை உரசினாலும் காயம் அதற்குத்தான் படும், அடியில் உள்ள பெயிண்டுக்குப் படாது. ஒட்டுகிறவர் ஷாஜி அண்ணன். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பாதி மலையாளம். ஒட்டலாமா வேண்டாமா என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, வேதியியல். அதைக் கேட்டதுமே முதலாளி, "அப்போ பெயிண்டைப் பத்தி ஒனக்குத் தெரியாததா" என்று சேர்த்துக்கொண்டார். தெரியாது என்றுதான் சொன்னேன். அடக்கம் என்று நினைத்துவிட்டார்.

ஜவுளிக்கடையிலோ செல்போன் கடையிலோ நின்று, "நீங்களே பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்பதைக் கேட்டவர்களுக்கு என் பாடு புரியும். அப்படிக் கேட்கிறவர் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு வந்திருப்பார். பின்னால் தப்பானால் திட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நானோ கேட்ட கேள்விக்கு நிஜமாகவே யோசித்துப் பதில் சொல்லிவிடுகிறவன். முதல் மாதத்தில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு, "உங்களுக்குத் தேவைப்படாது" என்றேன். இரண்டாம் மாதம் முதலாளி கூப்பிட்டு, குற்றாலத்தில் சாரல் முடிகிறவரைதான் பார்ப்பேன், அதற்குள் நாலு பேரையாவது ஒட்டவைக்காவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் மலையைப் பார்த்து, சாரல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டுதான் கடைக்குள் நுழைவேன்.

பிலிம் என்றால்

அச்சன்புதூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். புதுக் கார். பிலிம் என்ற போர்டைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார். கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "ரொம்பக் கறுப்பா வேண்டாம், உள்ள ஆள் இருக்கது லேசாத் தெரியணும்" என்றபோதுதான், அவர் கண்ணாடிக்கு ஒட்டுகிற கறுப்புப் பிலிமை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இது பாடிக்கு ஒட்டுவது, ஒட்டினால் ஒட்டியதே தெரியாது என்றேன். "தெரியாததுக்கா காசு?" என்றார். காசு எவ்வளவு என்று சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுக் காருக்கான செலவைக் கேட்டு நின்றவாக்கில் தாங்கியவர் யாரும் அதுவரை இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து சொன்னார்: "கண்ணாடியில ஒட்டினா போலீஸ் புடிப்பான், பாடியில ஒட்டினா பொண்டாட்டி புடிப்பா. ஆளை விடுப்பா."

தென்னைக்கு அடியில்

இலஞ்சிக்காரர் ஒருவர், வீட்டைச் சுற்றித் தோப்பு. "தம்பி, இது தேங்கா விழுந்தா தாங்குமா?" என்று கேட்டார். சின்னக் கல்லுக்குத் தாங்கும், தேங்காய்க்குத் தாங்காது, பெயிண்ட் தப்பித்தாலும் தகரம் ஒடுங்கும் என்றேன். மட்டை விழுந்தால்? அதுவும் ஒடுங்கும். பிஞ்சுக் குரும்பை விழுந்தால்? யோசித்து, குரும்பைக்குத் தாங்கலாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஆனா அண்ணாச்சி, காரைப் பத்தடி தள்ளி, மரம் இல்லாத பக்கமா விட்டுட்டா எதுவுமே விழாதே" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். இதுவரை யாரும் அவருக்கு அதைச் சொன்னதில்லை போலிருக்கிறது. கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளறையிலிருந்து முதலாளி வந்தார். "ஏலே, காரைத் தள்ளி விடச் சொல்லுததுக்கா நான் ஒனக்குச் சம்பளம் தாரேன்?"

ஒட்டலாம் என்று சொன்ன ஒரு தடவை

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் வெள்ளை வண்டியோடு வந்தார். குரங்குகள் பானெட்டில் ஏறிச் சறுக்கி விளையாடுகின்றன, நகக் கீறல் தாங்கவில்லை என்றார். இதற்குப் பிலிம் சரியான மருந்து. சந்தோஷமாகச் சொன்னேன். மாதிரிக்கு வைத்திருந்த தகட்டில் பித்தளைப் பிரஷ்ஷால் கீறி, வெந்நீர் ஊற்றி, கீறல் மறைவதைக் காட்டினேன். அவர் அங்கேயே சரி என்றார். முதலாளி எனக்கு டீ வாங்கித் தந்தார். ஷாஜி அண்ணன் மூன்று நாள் குனிந்தே நின்று ஒட்டினார்.

இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. கீறல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஏதோ ஒரு குரங்கு பானெட்டின் ஓரத்தில் பிலிமின் விளிம்பைக் கண்டுபிடித்து, வாழைப்பழம் உரிப்பதுபோல் பாதி வரை உரித்து வைத்திருந்தது. லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். நான் ஷாஜி அண்ணனைப் பார்த்தேன். அவர் உரிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, கிழிசலே இல்லாமல் வந்திருப்பதை மெச்சிக்கொண்டார். "மோனே, நான் ஹீட் கன்னுல சூடு காட்டினாலும் இத்தற சுத்தமா எடுக்க மாட்டேன். அந்தக் கொரங்கை வேலைக்குக் கூப்பிடு."

பொட்டுக்கு மேல்

ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், கோயிலிலிருந்து நேராக எங்களிடம் வந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். பானெட் நடுவில் சந்தனம், அதில் குங்குமம். இதைத் துடைத்துக் கழுவினால்தான் பிலிம் ஒட்ட முடியும் என்றேன். மூன்று நாளைக்குத் துடைக்கக் கூடாது என்று ஐயர் சொல்லியிருக்கிறார் என்றார் அந்த அம்மா. மூன்று நாள் கழித்து வாருங்கள் என்றேன். அதற்குள் கல் தெறித்தால் யார் பொறுப்பு என்றார் கணவர்.

தூசி ஒரு துளி இருந்தாலும் பிலிமுக்கு அடியில் கொப்புளம்போல் தெரியும், சந்தனம் அதைவிடப் பெரிய விஷயம் என்று விளக்கினேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எனக்கு இவ்வளவு எளிதான விஷயம் தோன்றவில்லையே என்று இரக்கப்படுகிற குரலில் சொன்னார்: "அப்போ பொட்டுக்கு மேலயே ஒட்டிருங்க தம்பி, சாமியும் அழியாம இருப்பாரு."

எங்கள் வீட்டு லேமினேஷன்

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பிலிமுக்கு யாரும் சரியான பெயர் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது லேமினேஷன்தான். "வண்டிக்கு லேமினேஷன் போடணும்" என்றுதான் வருவார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் சர்டிபிகேட் ஞாபகம் வரும். காரணம் இதுதான். என் டிகிரி சர்டிபிகேட் கைக்கு வந்த அன்று சாயங்காலமே, தேங்காய் உரிக்கிற வேலை முடிந்து வந்த அப்பா கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு அதை வாங்கிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில், இருப்பதிலேயே கனமான பிளாஸ்டிக்கில் லேமினேஷன் போட்டு வந்தார். மழையில் நனைந்தாலும் இனி ஒன்றும் ஆகாது என்று தண்ணீர் தெளித்துக் காட்டினார்.

ஆறு மாதம் கழித்து துபாயில் ஒரு வேலை தகைந்தது. சர்டிபிகேட்டின் பின்பக்கம் அரசாங்க முத்திரை வாங்கி அனுப்பச் சொன்னார்கள். முத்திரைக்கு அனுப்பும் ஆபீசில் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் மேல் சீல் நிற்காது, காகிதமாகக் கொண்டு வா என்று கொடுத்துவிட்டார். யுனிவர்சிட்டியில் டூப்ளிகேட் கேட்டு எழுதிப் போட்டேன். அது இன்னும் வந்து சேரவில்லை; அதற்குள் துபாய்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அப்பாவிடம், "அந்த வேலையே இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா" என்றேன். வாடிக்கையாளரிடம் ஒரு பொய்கூடச் சொல்ல வரவில்லையே என்று முதலாளி திட்டுகிற நான், சொன்ன ஒரே பொய் அது.

இந்தக் கதையைக் கேட்ட ஷாஜி அண்ணன், ஹீட் கன்னில் லேமினேஷனை இளக்கிவிடலாம் என்றார். எனக்குப் பயம். முதலில் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸை லேமினேஷன் போட்டு வந்து கொடுத்தேன். சூடு காட்டி, மூலையைத் தூக்கி, மெதுவாக இழுத்தார். பிளாஸ்டிக் வந்தது. எழுத்தும் அதோடு வந்தது. வெறும் வெள்ளைத் தாள் மேஜையில் கிடந்தது. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மார்க்கும் போச்சு, பேரும் போச்சு. பாஸா பெயிலான்னுகூட இனி ஆருக்கும் அறியாது."

பானெட்டின் திருகு

சாரல் குறைய ஆரம்பித்திருந்தது. என் கணக்கில் ஒரே ஒரு ஆள், அதையும் குரங்கு உரித்துவிட்டது. அப்போதுதான் கடையநல்லூரிலிருந்து ஷாகுல் பாய் வந்தார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர். வீட்டுக்கென்று ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பத்து நாளில் திரும்பிப் போகிறார். "வாப்பாவும் தம்பியும் ஓட்டுவாங்க. முழுசா லேமினேஷன் போட்டுட்டா நான் அங்கன நிம்மதியா இருப்பேன்" என்றார். முழுக் கார். காசு எவ்வளவு என்று கேட்டும் உட்காராத முதல் ஆள். முதலாளி அவருக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்டார்.

நான் காரைச் சுற்றி வந்தேன். கதவு ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் தூசி படிந்திருந்தது. பானெட்டின் திருகுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு. வெயிலில் பார்த்தால் வலதுபக்கக் கதவு ஒரு நிறம், மற்றது ஒரு நிறம். எங்கோ மோதி, பானெட்டும் கதவும் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி. இதில் பிலிம் ஒட்டினால் இன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில வருஷம் கழித்து உரிக்கும்போது, பிடிப்பில்லாத பெயிண்ட் பிலிமோடு சேர்ந்தே வந்துவிடும். மேஜையில் கிடந்த வெள்ளைத் தாள் கண்ணுக்குள் வந்தது. முதலாளி தூரத்திலிருந்து தலையை லேசாக ஆட்டினார், சொல்ல வேண்டாம் என்று. "பாய், கொஞ்சம் வெயிலுக்கு வாங்க" என்று கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டிவிட்டேன்.

அவர் அந்தத் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரிஜினல் பெயிண்ட் என்று விற்றவன் சத்தியம் பண்ணியிருக்கிறான். பிறகு என்னிடம், "ஒட்டியிருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல. இதைச் சொல்லுததுல ஒங்களுக்கு என்ன லாபம் தம்பி?" என்றார். பின்னாலிருந்து முதலாளி சொன்னார்: "லாபம் இல்ல பாய், இன்னையோட அவனுக்கு வேலையும் இல்ல."

அப்பாவின் கேள்வி

வேலை போனதை அப்பாவிடம் சொல்லும்போது துபாய் வேலை போன நிஜக் காரணத்தையும் சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இரண்டு உண்மையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்தார். பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். வரவில்லை. நல்ல கனம்.

திட்டுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். டூப்ளிகேட் எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். வந்தால் அதை எதிலும் போடாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். சர்டிபிகேட்டை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினார். பிறகு நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "ஒட்டினா கெட்டுப் போவும்னு தெரிஞ்சும், நீங்க ஏம்ல காருக்கு மட்டும் ஒட்டுதீங்க?"

வேண்டாம் என்கிற தம்பி

மறுநாள் கடைச் சாவியை ஒப்படைக்கப் போனேன். வாசலில் இரண்டு கார்கள், இரண்டும் கடையநல்லூரிலிருந்து. ஷாகுல் பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் காரின் கண்ணாடி இறங்கியது. "வேண்டாம்னு சொல்லுத தம்பி நீங்கதானா?" என்றார் உள்ளே இருந்தவர். முதலாளி கடைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வண்டி புதிது. தினமும் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் புளியரை தாண்டிப் போகிறவர். முன்பக்கம் மட்டும் ஒட்டுங்கள், முழுக்கத் தேவையில்லை என்றேன். மறுபேச்சில்லாமல் வண்டியை உள்ளே விட்டார். இரண்டாவது ஆளுக்குப் பிலிமே வேண்டாம். வாங்கப்போகிற பழைய வண்டியில் மறுபெயிண்ட் அடித்திருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்னால் போதும். அடித்திருந்தது. சொன்னேன். அவரும் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் சாவியை நீட்டினேன். முதலாளி அதைப் பார்த்தார், வாங்கவில்லை. உள்ளே ஷாஜி அண்ணன் அந்தப் புது வண்டிக்குப் பிலிம் வெட்ட ஆரம்பித்திருந்தார். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "நீ வேண்டாம்னு சொன்னாத்தான் இவனுவ நம்புதானுவ. சொல்லித் தொலை. ஆனா பத்துல ரெண்டு பேருக்காவது வேணும்னு சொல்லுலே."

ஆக, ஒட்ட வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.