விஜயன் அண்ணனின் இரண்டு பாஸ்போர்ட்

விஜயன் கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் சொந்தமானார். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் சுற்றுலா ஏஜென்சிக்கு வந்தபோது, இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிக் கயிறுபோல் புடைத்திருந்த நரம்பைச் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு ராத்திரில போய்ட்டு வர்ற மாதிரி வெளிநாடு ஏதாச்சும் இருக்கா தம்பி?"

ஹோ சி மின் நகருக்கு ஒரு குழுவை நானே அழைத்துப் போகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. அந்த ஊருக்குப் போகும் கண்டெய்னர் பெட்டிகளை லோரியில் எத்தனையோ முறை இழுத்தவர். துறைமுக கேட்டோடு அவர் திரும்பிவிடுவார், பெட்டிகள் கப்பலேறிவிடும்.

"நான் இழுத்த பெட்டியெல்லாம் ஊரப் பாத்துடுச்சு. நான்தான் பாக்கி லா."

சனிக்கிழமை மதியம் டயாலிசிஸ் முடியும். மாலையில் விமானம். திங்கள் திரும்பினால் செவ்வாய் காலை மறுபடியும் இயந்திரம். இடையில் கிடைப்பது அவ்வளவுதான். வாரத்திலேயே நீளமான அந்த இடைவெளிதான் ஆபத்தானதும் என்று டயாலிசிஸ் மையத்து நர்ஸ், மிஸ்ஸி புனிதா போனில் என்னிடம் சொன்னார்.

ஏற்பாடுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் கடிதம் இரண்டு பிரதி. மாத்திரைகள் கைப்பையில். இடது தோளில் பை மாட்டக்கூடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். நூடல்ஸ் சாப்பிடலாம், சூப் கூடாது.

"அப்ப சூப்ப மோந்து பாத்துட்டு வரணும்," என்றார்.

பயணக் காப்புறுதியில் சிறுநீரக நோய் சேராது என்ற வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டார். பாஸ்போர்ட்டைப் பற்றி மட்டும், "பத்திரமா வைங்கண்ணே" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் மனைவி லோகேஸ்வரி அதைச் சாமி மேடையில் வைத்தார். அந்த வீட்டில் புதிதாக வருவது எதுவும் பொட்டில்லாமல் வாசல் தாண்டியதில்லை. லோரிக்கு வைத்தார், மகளின் பரீட்சைத் தாளுக்கு வைத்தார். பயணத்தன்று காலையில் பாஸ்போர்ட்டைத் திறந்து, சந்தனத்தைக் குழைத்துப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து, மேலே குங்குமமிட்டு, ஈரம் காயுமுன் மூடிவிட்டார்.

விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் திறந்தாள். பக்கங்கள் ஒட்டியிருந்தன. பிரித்தபோது ஒன்று கிழிந்தது. மஞ்சளும் சிவப்பும் நாலைந்து தாள்களுக்குள் இறங்கியிருந்தன.

"ரோசாக், அங்கிள்," என்றாள். பழுதாகிவிட்டதாம். அங்கே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏற்ற முடியாது. மேலதிகாரியும் வந்து பார்த்துத் தலையாட்டினார்.

விஜயன் விரலை நாக்கில் தொட்டுக் கறையைத் தேய்த்தார். சிவப்பு இன்னும் பரவியது. நான் கையைப் பிடித்தேன். பெட்டிகளோடு மற்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அவகிட்ட பொட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. தாங்க மாட்டா. பிளேன் ஃபுல்லுன்னு சொல்லுவோம். நீங்களும் அதையே சொல்லணும், சரியா?"

சரி என்றேன். மாத்திரைப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் குழுவோடு விமானம் ஏறினேன்.

அங்கே ஆற்றுப் பாலத்திலிருந்து துறைமுகத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "கிரேன் எல்லாம் நம்ம போர்ட் மாதிரிதான் இருக்கு" என்று பதில் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று: "அடுத்த மாசம் போடுங்க."

புதிய பாஸ்போர்ட் எடுத்தார். பழையது தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். சாமி மேடைப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. ஆனால் இந்த முறை டாக்டர் கடிதம் தரவில்லை. இதயம் வீங்கியிருக்கிறது, பறக்கக்கூடாது என்றார். விஜயன் இரண்டு முறை போய்க் கேட்டார். மூன்றாவது முறை போகவில்லை. ஒரு திங்கட்கிழமை மாலை, அந்த நீளமான இடைவெளியின் கடைசியில், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து லோகேஸ்வரி அக்கா ஏஜென்சிக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார்.

"இத என்ன செய்யணும் தம்பி?"

எடுத்துப் புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. தாள்கள் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன.

"மொத தடவ பொட்டு வச்சி அனுப்பினேன். ஏர்போட் வரைக்குமாவது போனாரு. பிளேன் ஃபுல்லாயிடுச்சு, அது யாரு குத்தமும் இல்ல. இத மட்டும் என்னத் தொடவே விடல. ஏன்னு கேட்டா சிரிச்சிட்டே போயிடுவாரு." முந்தானையால் மேசையின் ஓரத்தைத் துடைத்தார். "இதுக்கும் வச்சிருந்தா போயிருப்பாருல்ல?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இமிகிரேஷன்ல ஒப்படைக்கணும்கா," என்றேன். "இறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு கொண்டு போங்க."