மேலுதட்டுக்கு அடியில்

பல் நேர்ஸ் எங்கள் பாடசாலைக்கு வந்தது என் மகளைப் பார்ப்பதற்காக அல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்க வந்தார். அந்த வகுப்புக்கு நான்தான் ஆசிரியை. எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அக்கா பயிற்சி ஒன்றுக்காக ஹட்டனுக்குப் போயிருந்ததால், அன்று அது பூட்டியிருந்தது. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. வேறு வழியில்லாமல் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் பெயர்ப்பட்டியலோடு நின்றேன். பிள்ளைகள் வரிசையாக வாய் திறந்தார்கள். கடைசி மேசையில் என் மகள் சூப்பிப் போத்தலோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும் பார்த்து முடித்த நேர்ஸ் அவளைக் கண்டு சிரித்தார்.

"சின்ன டீச்சரும் வாங்க, பாப்பம்."

அவர் சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலப் பேசுவார். மகள் பெருமையாகப் போய் வாயைத் திறந்தாள். நேர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன். "அது அயன் பாணியால வந்த கறுப்பு, மிஸ். பாணி குடுக்கும்போதே கிளினிக்ல சொன்னாங்க, பல்லு கொஞ்சம் கறுக்கும், பிறகு போயிடும்னு."

இரும்புச் சத்து மருந்தின் மேல் பழியைப் போட்டு, ஒரு வருடமாக இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாணியை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியும் கறுப்பு ஏன் போகவில்லை என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

நேர்ஸ் பஞ்சை எடுத்து முன்பல்லைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"கறை மேல இருக்கும், டீச்சர். இது மேல இல்ல."

மெல்லிய கம்பி போன்ற ஒரு கருவியால் பல்லின் ஓரத்தைத் தொட்டார். அழுத்தவில்லை, தொட்டார். பிஸ்கட் தூள் போல ஏதோ பஞ்சில் விழுந்தது. அது என் மகளின் பல் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின.

பிறகு கட்டைவிரலால் அவளுடைய மேலுதட்டைத் தூக்கினார்.

"அனே, பவ்," என்றார். பாவம் என்பதைச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். பல்லுக்கு மேலே, ஈறில், குறுணி அரிசி அளவில் வெள்ளையாக ஒரு கொப்புளம். உள்ளே சீழ்.

"எத்தனை நாளா இருக்கு?"

எனக்குத் தெரியாது. வாராவாரம் அவளுக்கு நகம் வெட்டினேன், காது துடைத்தேன், தலையைப் பிரித்துப் பேன் பார்த்தேன். இருமினால் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். காலையில் பல் விளக்கும்போது மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரின் குளிருக்கு அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். தெரிகிற பல்லின் மேல் பிரஷ்ஷை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விடுவேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்த உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை.

"டீச்சர், பாப்பா பல்லு வெளக்குறதில்லையா?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். போன கிழமைதான் பல் துலக்கும் பாடம் நடத்தியிருந்தேன். காலையிலும் இரவிலும் என்று அவர்களைக் கோரஸாகச் சொல்லவும் வைத்திருந்தேன்.

நேர்ஸ் போத்தலைக் காட்டி, "இதுல என்ன?" என்றார்.

"பால்தான், மிஸ். நான் சாயத்தண்ணி குடுக்கிறதே இல்ல."

அது என் பெருமை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், பாலில்லாத தேநீரில் சீனி போட்டு அந்தச் சாயத்தண்ணியைச் சூப்பிப் போத்தலில் ஊற்றிப் பிள்ளைகளின் வாயில் வைப்பார்கள். நான் படித்தவள், அப்படிச் செய்யவில்லை. மகளின் நிறை கூடவில்லை என்று கிளினிக் கார்டைப் பார்த்துப் பார்த்துப் பயந்து, பால்மாவை ஒரு கரண்டி கூட்டிப் போட்டு, ருசிக்கு இரண்டு கரண்டி சீனியும் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

"தூங்கும்போதும் வாயிலயா?"

"ஆமா, மிஸ். அப்பதான் தூங்குவா."

"பால்லயும் சீனி இருக்கு. நீங்க இன்னும் போடுறீங்க. தூங்கும்போது எச்சில் குறைவு, கழுவ ஒண்ணும் இல்ல. விடியிற வரைக்கும் பல்லு அதுலயே ஊறுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். சாயத்தண்ணி செய்வதைத்தான் என் போத்தலும் செய்திருக்கிறது. நிறம் மட்டும் வெள்ளை.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். சீழ் வைத்த பற்களைப் பிடுங்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"இதுக்கா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க, டீச்சரம்மா? பால்பல்லுதானே. விழுந்து மொளைக்கும்."

"சீழ் வச்சிருக்குக்கா. புடுங்கணுமாம்."

"மேல்பல்லயா? ஐயோ, வேணாம்மா. கண்ணு நரம்பு அங்கதான் ஓடுது. எங்க சித்தப்பா மேல்பல்லு புடுங்கினாரு, அடுத்த வருசமே கண்ணாடி."

"எத்தனை வயசுல புடுங்கினாரு?"

"அறுவத்தஞ்சு இருக்கும்."

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லுக்கும் கண்பார்வைக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மகள் ஜன்னலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியபோது விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டேன். கணவரோ, "உனக்குத் தெரியும்தானே, நீயே பார்த்துச் செய்," என்று போனை வைத்தார். எனக்குத் தெரிந்ததால்தானே இவ்வளவும் வந்தது! நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை மகளின் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் இரண்டையும் காப்பாற்ற முடியாது, பக்கத்துப் பற்கள் இரண்டையும் அடைத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் தாமதத்தை நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன். "புதுப் பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுதானே, டொக்டர்?"

"அந்தப் பல்லோட மொட்டு இதுக்கு நேர் மேலதான் இருக்கு. சீழ் கிடக்கக் கிடக்க அதுக்கும் ஆபத்து. பட்டிருக்கா இல்லையான்னு மொளைச்சாத்தான் தெரியும்."

"எப்ப மொளைக்கும்?"

"ஏழு வயசளவில."

மடியில் வைத்து அவளுடைய இரு கைகளையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். ஊசி போடும்போது அவள் டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தட்டில் விழுந்த பற்கள் இரண்டும் கரும்பழுப்பாக இருந்தன. பின்பக்கம் குழிந்து ஓடாகியிருந்தது. வேண்டுமா என்று கேட்டார்கள். தானாக விழும் பல்லை நாங்கள் கூரைமேல் எறிவோம். பிடுங்கிய பல்லை என்ன செய்வது? வேண்டாம் என்றேன்.

இனிப் போத்தலே கூடாது, கோப்பைதான் என்றார் டொக்டர். காலையிலும் படுக்கப் போகுமுன்னும் பட்டாணியளவு பேஸ்ட் வைத்து, ஈறையும் சேர்த்து நானே துலக்க வேண்டும். அதன்பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. இன்றைக்கு எதையும் சூப்பவே விடக்கூடாது, சூப்பினால் இரத்தம் நிற்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் அழுதால் என்ன செய்வது என்று காலையில் நிரப்பிய பால் போத்தல் அப்போதும் என் பையில் இருந்தது.

ஹட்டன் பஸ் நானுஓயாவைத் தாண்டியதும் அவள் பையைப் பிடித்து இழுத்தாள். "போத்தல்." நான் கொடுக்கவில்லை. அழுதாள். உதட்டோரம் சிவப்பாக எச்சில் வழிந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

"போத்தல்தான் தெரியுதேம்மா, குடுத்தா என்ன? பெத்தவதானே நீ? என்ன கல்லு மனசு!"

"நான் குடுத்துத்தான்மா இப்படி ஆச்சு," என்றேன்.

"என்னத்தைக் குடுத்தே?"

"பால்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பால் குடுத்தா பல்லு போகும்னு யாரு சொன்னா?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் மறுபடியும் போத்தல் என்றாள். பையில் இருந்த பிளாஸ்கின் மூடியில் ஆறிய தண்ணீரை ஊற்றி, பஸ் குலுங்காத இடம் பார்த்து, அவள் வாய்க்குக் கொண்டுபோனேன்.