துணியைக் கிழிக்காத மனிதர்

1. மாதிரி நகல்

"இந்த ஆள் எங்கே துணியைக் கிழிச்சான்?"

புதிதாக மாற்றலாகி வந்திருந்த மாஜிஸ்ட்ரேட் இப்படிக் கேட்டபோது, நான் அவருக்குக் கீழே என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் ஒரு மனுவும் இரண்டு டாக்டர் சர்டிபிகேட்டுகளும் இருந்தன. மூன்றிலும் ஒரே விஷயம்: இவர் மண்ணைத் தின்கிறார், உடுத்திய துணியைக் கிழிக்கிறார், காரணமில்லாமல் சிரிக்கிறார். எதிரில் நின்றவர் வெளுத்த வேட்டியும் மடிப்புக் கலையாத துண்டுமாக இருந்தார். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். சிரிக்கவில்லை. எதையும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கோர்ட்டில் நான் பெஞ்ச் கிளார்க். எந்த ஊர்க் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. தப்பு என்னுடையது, ஊருக்கு அதில் பங்கில்லை.

மனம் கெட்டவர்களைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாஜிஸ்ட்ரேட்டின் ஆர்டர் வேண்டும். சொந்தக்காரர்கள் மனுக் கொடுக்க வேண்டும், இரண்டு டாக்டர்கள் சான்று தர வேண்டும். சான்றுப் பாரத்தில் 'டாக்டர் தாமே கண்ட உண்மைகள்' என்று ஓர் இடம் உண்டு. டாக்டர்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே மனுவோடு அதையும் கோர்ட்டிலேயே நிரப்பி அனுப்புவோம், அவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முன்னால் இருந்த கிளார்க் ஒரு பழைய காகிதக் கட்டைக் கொடுத்து, "புதுசா யோசிச்சு எழுதாதேயும். இது ஒரு தடவைகூட திரும்பி வந்ததில்லை. பேரை மட்டும் மாத்தும்" என்றார்.

அந்தக் கட்டுக்கு உரியவர் சின்னமனூர்ப் பக்கத்து மனிதர். அவர் உண்மையிலேயே மண் தின்றார், துணி கிழித்தார், சிரித்தார். அவருக்குப் பின்னால் எங்கள் கோர்ட்டிலிருந்து போனவர்கள் அத்தனை பேரும் அவருடைய பைத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினார்கள். முந்தைய மாஜிஸ்ட்ரேட்டுகள் காகிதத்தைப் பார்த்தார்கள். இவர் ஆளைப் பார்த்தார்.

2. வீரணன்

நின்றவர் பெயர் வீரணன். கம்பத்துக்குக் கீழே வாய்க்கால் பாசனத்தில் நெல் விவசாயம். வயது நாற்பதுக்குள். மனுக் கொடுத்தவர் அவருடைய அண்ணன்.

மாஜிஸ்ட்ரேட் அண்ணனைக் கேட்டார். "உன் தம்பி மண் தின்னதை நீ பார்த்தியா?"

"இல்லீக சாமி."

"துணி கிழிச்சதை?"

"அவன் எங்கன கிழிச்சான்? அவன் பொண்டாட்டி கட்டிவிட்டாத்தான் வேட்டியே கட்டுறான்."

"பின்னே ஏன் மனுவிலே இப்படி இருக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

"உங்களுக்குள்ளே நிலம் பாகம் ஆயிடுத்தோ?"

"இன்னும் இல்லீக."

மாஜிஸ்ட்ரேட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொத்துக்காக உடன்பிறந்தவனைப் பைத்தியமாக்கும் அண்ணன்களைப் பற்றி அவர் தம் முந்தைய ஊர்களில் நிறையக் கேட்டிருந்தார். மனு தள்ளுபடி ஆயிற்று. தீய நோக்கத்துடன் கொடுக்கப்பட்டது என்று ஒரு வரியும் சேர்ந்தது. அந்த வரியை எழுதியதும் நான்தான். அதற்கு மாதிரி நகல் தேவைப்படவில்லை.

வாசலில் அண்ணன் தம் தம்பி மனைவியிடம் கத்தினார். "ஆசுபத்திரிக்குப் போறது ஊருல ஒருத்தனுக்கும் தெரியாம முடிக்கணும்னுதானே வந்தேன்? இப்ப நான் களவாணியாயிட்டேன். இனி ஒரு காயிதத்துலயும் கைநாட்டு வைக்க மாட்டேன். இவனை எங்கனயும் கூட்டிட்டுப் போ."

அவள் பெயர் ஒச்சம்மாள். கணவரின் அண்ணன் போனதும் நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு என்ன செய்யுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

அது உண்மை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

நடவு முடிந்த பிறகு ஒருநாள் வீரணன் வரப்பில் உட்கார்ந்தாராம். அவருடைய தண்ணீர் முறை வந்தது. அவர் மடையைத் திறக்கவில்லை. தண்ணீர் அவர் கண்ணெதிரே அடுத்தவன் வயலுக்குப் போயிற்று. எங்கள் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய பைத்தியம் ஒருவனுக்குப் பிடிக்க முடியாது. மண் தின்பது இதோடு ஒப்பிட்டால் சில்லறைச் சங்கதி. ஆனால் அதைப் பாரத்தில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பேச்சு நின்றது. சாப்பாடு நின்றது. ஊட்டினால் இரண்டு வாய். காரணம் மட்டும் ஊரில் ஏராளமாகக் கிடைத்தது. செய்வினை என்றார்கள், வாய்க்கால் முனி என்றார்கள், மலை எஸ்டேட்டிலிருந்து வந்த தேயிலையைக் குடித்த சூடு என்றும் ஒருவர் சொன்னார். பூசாரி வேப்பிலையால் அடித்தார். வீரணன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப கெணத்து மேட்டுல போயி நிக்கிறாக" என்றாள் ஒச்சம்மாள். "ரெண்டு தடவ இழுத்தாந்துட்டேன். நாள் பூராவும் நான் பக்கத்துலயே இருக்க முடியுமா? வயக்காட்டு வேலைய யாரு பாக்குறது? மூணாந்தடவ நான் இல்லாட்டி?"

3. சட்டப்படி திரிதல்

மனைவியும் மனுக் கொடுக்கலாம். ஆனால் மறுபடி இரண்டு சர்டிபிகேட் வேண்டும். நான் உள்ளூர் டாக்டரிடம் போனேன். கெட்டவர் அல்ல, தினமும் வராந்தா நிறைய மலேரியாக் காய்ச்சல்காரர்களை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்.

"துணி கிழிக்கிறான்னு போன வாரம் கையெழுத்துப் போட்டேன். இப்ப பேசாம உட்கார்ந்திருக்கான்னு போட்டா, அது பொய்ன்னு ஆகும். என் உத்தியோகம் போகும். வேணும்னா ஒண்ணு செய்யலாம். அவன் ஒரு துணியைக் கிழிக்கட்டும், நான் வந்து பார்க்கிறேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கேட்பாரில்லாமல் தெருவில் திரியும் சித்தம் கலங்கியவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுவரலாம். அதற்கு வீட்டார் மனு வேண்டாம், ஒரு டாக்டர் சான்று போதும். அதாவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கும்வரை அவருக்கு வைத்தியம் இல்லை. அவள் கைவிட்டால் உண்டு. இதை ஒச்சம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"ரோட்டுல விட்டுட்டுப் போகணும். அம்புட்டுதானே?"

மறுநாள் காலை அவரை பஸ் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு, எதிரே இருந்த வெற்றிலைக் கடை மறைவில் அவள் நின்றுகொண்டாள். வீரணன் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் சொல்லி வைத்திருந்த ஏட்டு பெருமாள் வந்து பார்த்தார். சாயங்காலம் மறுபடி வந்து பார்த்தார். வீரணன் அதே கல்லில் இருந்தார். பெருமாள் கோர்ட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னய்யா கிளார்க்கு, திரியிற ஆளுன்னு சொன்னீக. மைல்கல்லு மாதிரில்ல உக்காந்திருக்கான்? இவனைத் திரியிறான்னு எழுதுனா இன்ஸ்பெக்டர் என்னையப் புடிச்சு அனுப்பிருவாரு."

இருவரும் போனோம். ஒச்சம்மாள் கடை மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏ ஆத்தா, உன் புருஷன் நடப்பானா மாட்டானா?"

"நடப்பாக ஏட்டையா. யாராச்சும் முன்னால நடக்கணும்."

"நீ நடந்தா, கூடப் பொண்டாட்டி இருக்கான்னு ஆயிரும். அப்புறம் கேட்பாரில்லைன்னு எழுத முடியாது."

பெருமாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஏலே வீரணா, வா" என்று முன்னால் நடந்தார். வீரணன் எழுந்து பின்னால் நடந்தார். கடைவீதியை ஒரு சுற்று. இன்னொரு சுற்று. போலீஸ்காரர் விறைப்பாக முன்னால் போக, ஒரு மனிதர் பத்தடி தள்ளிப் பின்னால் போவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் பெருமாள் திரும்பி நின்று, எங்கும் திரிந்துகொண்டிருந்த அந்த மனிதரைப் பிடித்தார்.

4. பத்து நாள்

அடுத்தது பத்து நாள் கண்காணிப்பு. அதற்கென்று பள்ளத்தாக்கில் வேறு இடம் கிடையாது, சப் ஜெயில்தான். டாக்டர் ஒரு முறை வந்து போனார். கோழி திருடி ரிமாண்டில் இருந்த ஒருவன் வீரணனுக்கு மூன்று வேளையும் ஊட்டினான்.

"தின்னுங்கப்பு. இது நான் களவாண்ட கோழி இல்ல, சர்க்கார் சோறு. தைரியமாத் தின்னுங்க" என்று அவன் சொல்லும்போது வீரணன் வாயைத் திறப்பார். படிப்பில்லாத, பழைய கேடி ஒருவன் செய்த அந்தப் பணிவிடைதான் அந்தப் பத்து நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே நர்ஸ் கவனிப்பு.

நான் தினமும் மத்தியானம் போய்க் கம்பிக்கு வெளியே அரைமணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததை எழுதினேன். அவர் பேசவில்லை. அழவில்லை. யாராவது எழுந்து நடந்தால் நடக்கிறார். ஊட்டினால் உண்கிறார், ஊட்டாவிட்டால் கேட்பதில்லை. ஒருநாள், "தண்ணி போகட்டும்" என்று மட்டும் சொன்னார். கிணற்றடிப் பக்கம் விட்டால் அங்கேயே நிற்கிறார் என்று மனைவி சொன்னதை அவள் பெயர் வராமல் தனியாக எழுதினேன். டாக்டர் இதைப் படித்து, தாமும் போய்ப் பார்த்து, 'இப்போதைய நிலை' என்று தலைப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தலைப்பில் அவர் உத்தியோகமும் தப்பியது.

மாஜிஸ்ட்ரேட் படித்தார். போன மாதம் தள்ளிய மனு அவருக்கு நினைவு வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை அன்னைக்கே எழுதியிருக்கலாமே ஓய்?"

"மாதிரியில் இல்லை சார்."

ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். இரண்டு கான்ஸ்டபிள்கள் வீரணனைத் தேனிக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றினார்கள். ஒச்சம்மாள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. கேட்பாரில்லாத மனிதரை வழியனுப்ப வருவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று பெருமாள் சொல்லியிருந்தார்.

5. ஜெயில் மரியாதை

எட்டு மாதம் கழித்து வீரணன் திரும்பி வந்தார். இளைத்திருந்தார், ஆனால் பேசினார். வந்த வாரமே மடையைத் திறந்தார். ஊர் அவரை எப்படி வரவேற்றது என்று விசாரித்தேன். பிரமாதமாக வரவேற்றது. ஏனென்றால், தண்ணீர்த் தகராறில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போயிருக்கிறார் என்று அண்ணன் ஊரில் சொல்லி வைத்திருந்தார். முறையை விட்டுக்கொடுத்ததால் பைத்தியம் என்று பேர் வாங்கியவர், முறைக்காக ரத்தம் சிந்தவைத்தவராக ஊர் திரும்பினார். மடைப் பஞ்சாயத்தில் அவருக்கு ஓர் இடமும் கிடைத்தது.

சென்னையில் கொடுத்த, குணமாகிவிட்டது என்ற சர்டிபிகேட்டை ஒச்சம்மாள் என்னிடம் கொண்டுவந்தாள். "இதை நீங்களே வச்சுக்குங்க ஐயா. வீட்டுல கெடந்தா யாராச்சும் படிச்சுருவாக." கோர்ட் ஃபைலில் சேர்த்தேன்.

இது நடந்து கொஞ்ச நாளில் போடி பஜாரிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு உண்மை எப்படியோ தெரிந்திருந்தது. பட்டுக்கரைத் துண்டு போட்டிருந்தார். நெடுநேரம் ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசினார். பிறகு தம் மகளைப் பற்றிச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், அறையை விட்டு வெளியே வருவதில்லை.

நான் மனுவைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை மாதிரி நகலை எடுக்கவில்லை, அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். முடிந்ததும் கேட்டார்.

"வீரணன் சங்கதி சரி. ஆம்பளை, ஜெயிலுக்குப் போனாகன்னு சொல்லிட்டாக. பொம்பளைப் புள்ளைய எங்க போயிருக்கான்னு நாங்க சொல்றது?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"வீட்டோட வச்சே வைத்தியம் பார்க்க இங்கன ஒரு டாக்டர் இல்லையா?"

"இல்லை."

"மதுரையில?"

"எனக்குத் தெரிந்து இல்லை."

நான் எழுதிய தாளை வாங்கி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நன்றி சொன்னார். மனு வரவே இல்லை.

இளைய கிளார்க்குகளுக்கு ஒன்று சொல்வேன். பாரத்தை நிரப்புமுன் ஆளைக் கேளுங்கள். அதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், நானே கற்றுக்கொண்டேன். ஆனால் கேட்டு, சரியாக எழுதி முடித்த பிறகு அதை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு என் உத்தியோகம் முடியும்வரை ஒரே விலாசம்தான் இருந்தது. அது முன்னூறு மைலுக்கு அப்பால் இருந்தது. அங்கே போக ஒருத்தி தெருவில் திரிந்தாக வேண்டும், அல்லது அவள் பெயரை அவளுடைய அப்பன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். போடி வியாபாரியால் இரண்டாவதைச் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் இரண்டு வருஷம் அந்த அறையிலேயே இருந்தாள். பிறகு அவளே இல்லை.