நான் கேட்டு வாங்கிய வேகத்தடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னீர்குப்பத்தில் ஆவடி சாலையை ஒட்டிய வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை. சிறு வயதிலிருந்தே அவருக்கு மூச்சிழுப்பு உண்டு.

எதிர்வீட்டுக்காரியின் மகளை லாரி இடித்துக் கால் முறிந்தபோது, தெருவே கொதித்தது. வேகத்தடை கேட்டு மனு எழுதியவள் நான்தான். ஒரு வருடம் அலைந்தோம். கடைசியில் போட்டார்கள், எங்கள் ஜன்னலுக்கு நேராக.

அதுவரை லாரிகள் ஒரே வேகத்தில் கடந்துபோயின. இப்போது ஒவ்வொன்றும் பிரேக் போட்டு, மேட்டில் ஏறி இறங்கி, முதல் கியரில் உறுமிப் புறப்பட்டது. புறப்படும்போது கக்கும் கரும்புகை நேராக வீட்டுக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் தலையணையில் கரி படிந்தது. அவருக்கு இழுப்பு வாரத்துக்கு இரண்டு முறை வந்தது.

தடையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாமா என்று எதிர்வீட்டில் கேட்டேன்.

"இன்னா பேசறே நீ? தள்ளிப் போட்டா எம் பொண்ணு எங்க போய் ரோடு தாண்டுவா?" என்றாள். அதன்பின் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு லாரிகள் வரிசையாக மேட்டில் ஏறின. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மூச்சு வெளியே வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். கை காட்டியும் இரண்டு ஆட்டோக்கள் நிற்காமல் போயின. நான் அலறினேன்.

எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள். நடு ரோட்டில், வேகத்தடை மேல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தும் அவள் நகரவில்லை. மேட்டுக்காக வேகம் குறைத்த ஆட்டோவின் கம்பியைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணாத்தே, ஆள் மூச்சு நின்னுடும் போல கீது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு உடு!"

வழி நெடுக அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே போனேன். ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் அவர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் அவள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அந்த மேட்டை எடுக்கச் சொல்லி எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்."

அவள் மகள் நொண்டியபடி வந்து பின்னால் நின்றாள். "வேணாங்க" என்றேன். எப்படி எழுதுவேன்?

அடுத்த மாதமே மேனாம்பேட்டில் உள்தெரு ஒன்றில் வீடு பார்த்துப் போய்விட்டோம். அவருக்கு இழுப்பு குறைந்தது. அந்தச் சாலையோர வீட்டுக்கு வேறொரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். புகையைப் பற்றி அவர்களிடம் யாராவது சொன்னார்களா, தெரியாது. நான் போய்ச் சொல்லவில்லை.